சோமாவதியின் பெயரில் படுத்திருந்தேன்

நான் செத்து ஏறக்குறைய இருபது வருடம் ஆகிறது என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் டொக்டர் ரிஃப்கா. அவர் அதைச் சொல்லும்போது நான் அவருக்கு எதிரே பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, போத்தலில் கொண்டுபோன இஞ்சிப் பிளேன்டியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி, நீங்க சொன்ன பேர்ல ஒரு ஆள் இருக்காங்க. ஒப்பரேஷன் செஞ்ச மாசமும் சரியா வருது. ஆனா அவங்க அடுத்த வருஷமே மவுத்தாகிட்டாங்கன்னுதான் இதுல இருக்கு."

"நல்லாப் பாருங்க டொக்டர். செத்தவ வந்து உங்க முன்னுக்கு டீ குடிப்பாளா?"

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கொப்பியில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தபடி என்னையும் அந்த வரியையும் மாறி மாறிப் பார்த்தார். என் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் மாரிமுத்து, ஏதோ சரிபார்ப்பவர் போல என் தோளை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அந்த மனிதருக்கு எப்போதும் இப்படித்தான், ஆபத்தான நேரத்தில் கோமாளித்தனம் வந்துவிடும்.

என் பெயர் பாக்கியம். பிறந்தது தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். கல்யாணம் கட்டிக் கண்டிக்கு வந்து, கட்டுகஸ்தோட்டைப் போகும் வழியில் ஒரு ஒழுங்கைக்குள் தையல் கடை வைத்திருக்கிறேன். ஸ்கூல் சட்டை, சாரி ஜாக்கெட், யார் கொண்டுவந்தாலும் தைப்பேன். பெருங்குடலில் புற்றுநோய் எனக்கு இரண்டு தடவை வந்தது. முதல் தடவை யுத்த காலத்தில், இரண்டாவது தடவை திகனப் பக்கம் முஸ்லிம் கடைகள் எரிந்த அந்தக் காலத்தில். இந்த ஊரில் கலவரம் என்றால் என் குடலுக்கும் தெரிந்துவிடுகிறது என்று மாரிமுத்து சொல்வார். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "என்ன மருந்து குடுத்தாங்க, எப்படி இருந்துச்சு" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

அன்று டொக்டர் ரிஃப்காவிடம் நான் போனது என் பழைய சதைத் துண்டைத் தேடி. இரண்டாவது தடவை வந்த நோய் ஈரலுக்கும் போயிருந்தது. வழக்கமான மருந்தை ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாய் புண்ணானது, கட்டி மட்டும் அசையவில்லை. புற்றுநோய் டொக்டர் வேறொரு வகை மருந்தைப் பற்றிச் சொன்னார். அது எல்லோருக்கும் வேலை செய்யாது, சதையைச் சாயமேற்றிப் பார்த்துச் சில குறிகள் இருந்தால்தான் பலன் தரும். ஊசி விட்டு எடுத்த கொஞ்சச் சதையும் முதல் சோதனைகளிலேயே முடிந்துவிட்டது. மறுபடி ஈரலில் ஊசி விட்டால் இரத்தம் நிற்காது என்று பயந்தார்கள்.

"முந்தி ஒப்பரேஷன் செஞ்சு எடுத்த துண்டு இருந்தா நல்லம்," என்றார் அவர். வெட்டி எடுத்ததை ஆஸ்பத்திரியில் வீசுவதில்லையாம். மெழுகுக்குள் பதித்து, நம்பர் போட்டு, வருடக்கணக்காக வைத்திருப்பார்களாம். எனக்கு இரண்டு தடவையும் ஒரே குறையால் நோய் வந்திருக்கலாம் என்பது அவர் எண்ணம். உடம்பில் செல்கள் பிரியும்போது கோணல் தையல் விழும், அதைப் பிரித்துத் திருப்பித் தைக்க ஒரு ஏற்பாடு இருக்கும், சில குடும்பங்களில் அந்த ஏற்பாடு பிறப்பிலேயே பழுது. பழைய துண்டில் அந்தப் பழுது தெரிந்தால், புதிய மருந்தைத் துணிந்து கொடுக்கலாம். துண்டு என்னுடையது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும்.

அங்கேதான் சிக்கல். அந்தத் துண்டு பாக்கியத்தின் பெயரில் இல்லை.

முதல் தடவை நடந்ததைச் சொல்கிறேன். கண்டி நகரில் குண்டு வெடித்த வாரம் அது. எனக்குச் சில மாதமாகவே வெளிக்குப் போகையில் இரத்தம் வந்தது. மூலம் என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். (உங்களுக்கு அப்படி வந்தால் வெந்தயத்தை விட்டுவிட்டு டொக்டரிடம் போங்கள், இதை வாசித்து வேறொன்றும் செய்யாவிட்டாலும் இதையாவது செய்யுங்கள்.) அந்த வாரம் கடையில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தபடியே மயங்கி விழுந்தேன். ரோட்டில் சந்திக்குச் சந்தி செக்கிங். தோட்டத்தில் பிறந்த எனக்கும் மாரிமுத்துவுக்கும் அப்போது அடையாள அட்டை கிடையாது. அட்டை இல்லாத தமிழர்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று ஊரே பேசியது.

தூக்கி எடுத்தவர் பக்கத்து வீட்டுக் குசுமா அக்கா. சிங்களம். என்னைவிட எட்டு வயது மூப்பு. புருஷன் இல்லாமல் ஒரு மகனை வளர்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் பாதி சிங்களம், பாதி தமிழ் கலந்து பேசுவோம், இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். அவர் அலுமாரியைத் திறந்து, சாரிக்கு அடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார்.

"இது என் நங்கி சோமாவதியோடது. மூஞ்சி உன்னைப் போலத்தான். கேட்டா வாயைத் திறக்காத. நான் பேசுறேன்."

நங்கி என்றால் தங்கை. சோமாவதி ஹேவாஹெட்டவில் மூன்று நாள் காய்ச்சலில் செத்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் படம் என்று உலகத்தில் இருந்தது அந்த அட்டையில் இருந்த ஒன்றுதான், அதனால் குசுமா அக்கா கொடுக்கவில்லை. சந்திச் சிப்பாய் அட்டையையும் என்னையும் பார்த்தான், வழிவிட்டான். ஆஸ்பத்திரியில் துண்டுச் சீட்டு எழுதுகிறவர் அட்டையைப் பார்த்தே பெயர், நம்பர், விலாசம் எல்லாம் எழுதினார். கட்டிலில் மாட்டுகிற நோய்க் குறிப்பு டிக்கட்டில் சோமாவதி ஏறினாள். கட்டிலில் நான் ஏறினேன்.

பின்பக்கமாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், வெள்ளை மருந்து ஏற்றிப் படமெடுத்தார்கள். குடலின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி, வெட்ட வேண்டும் என்றார்கள். எல்லாவற்றையும் சோமாவதியிடம்தான் சொன்னார்கள். "சோமாவதி, பயப்படாத." "சோமாவதி, இன்னைக்குச் சாப்பாடு இல்ல." முதல் நாள் கூப்பிட்டபோது எனக்கு உறைக்கவில்லை. மூன்றாம் நாள் யாரோ வார்ட் வாசலில் சும்மா "சோமாவதி" என்றதும் என் தலை தானாகத் திரும்பியது. எனக்கு முதல் பயம் வந்தது அப்போதுதான், நோயைக் கேட்டபோது இல்லை.

மாரிமுத்து வார்டுக்குள் வர முடியாது. வந்தால் வாயைத் திறக்க வேண்டும், திறந்தால் தமிழ். என் ஜன்னலுக்கு நேர் கீழே ரோட்டோரம் ஒரு மரம். பகல் பார்க்க விடும் நேரத்தில் அங்கே குடையோடு வந்து நிற்பார். குடை மடித்திருந்தால் எல்லாம் சரி, விரித்திருந்தால் ஏதோ பிரச்சினை என்று குசுமா அக்கா மூலம் பேசி வைத்திருந்தோம். அவர் சுட்ட ரொட்டியும் சம்பலும் குசுமா அக்காவின் பையில் வரும். ரொட்டி கருகியிருக்கும். நான்காவது நாள் பன்னிரண்டு மணிக்கே வானம் இருட்டி, கொட்டு கொட்டென்று கொட்டியது. ரோட்டில் இருந்தவர்கள் எல்லாம் கடைகளுக்குள் ஓடினார்கள். அவர் மட்டும் அந்த மழையில், மடித்த குடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஒரு மணிநேரம் நனைந்துகொண்டு நின்றார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை வரும். அவரிடம் சொன்னால் "அந்தக் குடை ஓட்டை" என்பார்.

பக்கத்துக் கட்டிலில் பொடி மெனிக்கே என்று ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி இருந்தது. ஒப்பரேஷனுக்கு முந்தின நாள் பின்னேரம், ஜன்னலில் பனி வந்து அடைத்துக்கொண்ட நேரம், என் டிக்கட்டை எட்டிப் படித்தாள்.

"சோமாவதி. ஊர் எது?"

நான் வாய் திறக்கவில்லை. அவள் விலாசத்தைப் படித்தாள். குசுமா அக்காவின் பெயரைச் சொன்னாள். "ஹேவாஹெட்ட குசுமாவோட நங்கியா?" என்றாள். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

அவள் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து வந்தாள். பிறகு குரலை மிகவும் தாழ்த்திச் சொன்னாள். "உன் ஏழாம் நாள் சாவுத் தானத்துக்கு நான்தான் சோறு வடிச்சேன்."

இப்போது கத்துவாள், நர்ஸ் மிஸ் வருவார், பொலிஸ் வரும் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள். என் விரல்களைத் தொட்டாள். தொட்டதும் அவள் முகத்தில் பயம் போய் வேறேதோ வந்தது. நான் பொய் சொல்கிறேன் என்று அவள் நினைக்கவில்லை. நான் திரும்பி வந்தவள் என்று நம்பிவிட்டாள்.

"நங்கி, அங்க எப்படி?" என்று கேட்டாள். "வலிக்குமா?"

அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கும் டொக்டர்கள் சொல்லியிருந்தார்கள். நான் பேசக் கூடாது, என் சிங்களத்தில் தோட்டத்து வாடை அடிக்கும். ஆனாலும் ஒரு மனுஷி அப்படிக் கேட்டால் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? "வலிக்காது அக்கா," என்றேன். "குளிரும் இல்ல."

அவள் பெருமூச்சு விட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கண்ணை மூடினாள். மறுநாள் காலை என்னை ஒப்பரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது. நான் செய்தது பாவமா புண்ணியமா என்று இன்றுவரை தெரியவில்லை.

மயக்கம் தெளிந்து வந்தபோது குசுமா அக்கா என் காலடியில் நின்றார். முகம் வெளுத்திருந்தது. நர்ஸ் மிஸ் சிரித்துக்கொண்டே சொன்னார், "உங்க நங்கி முழிச்சதிலிருந்து ஒரே கேள்விதான். மற்றச் செருப்பு எங்க, மற்றச் செருப்பு எங்க." நான் அதைச் சுத்தமான சிங்களத்தில் கேட்டேனாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. சோமாவதியைக் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு ஓடும்போது வழியில் ஒரு செருப்பு விழுந்துவிட்டது. சாகிறவரை அவள் அந்த மற்றச் செருப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாளாம். எனக்கு யாரும் அதைச் சொன்னதில்லை. "எப்பவோ தைக்கிற நேரம் அந்தம்மா சொல்லி, நீ மறந்திருப்ப," என்று மாரிமுத்து சொல்கிறார். இருக்கலாம். எனக்கு ஞாபகம் இல்லை.

நான் பிழைத்தேன். வெட்டிய பெரிய டொக்டருக்கே ஆச்சரியம். கட்டி குடலின் சுவரைத் தாண்டியிருந்ததால் இரண்டு வருடம் போனால் பெரிய விஷயம் என்று நினைத்திருந்தாராம். நான் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது வருடம் குசுமா அக்காவின் மகன் இராணுவத்துக்குப் போனான். நான் பார்க்க வளர்ந்த பிள்ளை. அவனுக்கு ஸ்கூல் சட்டை தைத்தவள் நான். வடக்கிலிருந்து அவனைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள், திறக்க வேண்டாம் என்று சொன்னார்கள். நானும் மாரிமுத்துவும் மரண வீட்டுக்குப் போனோம். குசுமா அக்கா என்னைப் பார்த்தார். "நீ போ," என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு எங்கள் பக்கத்து ஜன்னலை அவர் திறக்கவில்லை. யுத்தம் முடிந்தும் திறக்கவில்லை. நான் தமிழச்சி என்பதால் என்று நினைத்தேன். எனக்கும் ரோஷம் உண்டு, நானும் கூப்பிடவில்லை.

இப்போது டொக்டர் ரிஃப்காவின் கொப்பிக்கு வருகிறேன். அவர் துண்டுகளைச் சோதிக்கிற டொக்டர், சொந்த ஊர் அக்குறணை. பழைய மெழுகுத் துண்டுகளை எடுத்துச் சாயமேற்றிப் பார்த்து, எந்தக் குறி இருந்தவர்கள் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள் என்று ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அதை எனக்கு விளக்கினார்.

"நம்ம இரத்தத்துல காவல் செல் இருக்கு ஆன்ட்டி. கண்டதையும் அடிச்சுப் போடாம இருக்கிறதுக்கு அதுல ஒரு பிரேக் இருக்கு. நல்ல செல் ஒரு அடையாளத்தைக் காட்டும், நான் உங்க ஆள்தான்னு. காவல் செல் விட்டுடும். இதைத்தான் சோதனைச் சாவடின்னு சொல்றோம். சில புற்றுநோய்ச் செல் அந்த அடையாளத்தைக் களவா எடுத்துக் காட்டும். பி.டி.எல்.-ஒன் அப்படி ஒரு அடையாளம். புது மருந்து அந்த அட்டையை மறைச்சிடும். அப்ப காவல் செல் முழிச்சுக்கும்."

அடுத்தவர் அட்டையைக் காட்டி நான் சாவடியைத் தாண்டிய அதே நாட்களில், என் வயிற்றுக்குள் அந்தக் கட்டியும் அதையேதான் செய்துகொண்டிருந்தது.

அந்த அடையாளம் இருந்தால் நோயாளிக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டேன். சிலருக்கு நல்லது, சிலருக்குக் கெட்டது, பக்கத்தில் காவல் செல் எவ்வளவு கூடி நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதைத்தான் தேடுகிறேன் என்றார். பிறகு கொப்பியைத் தட்டினார். "சோமாவதிட துண்டுல காவல் செல் கூட்டம் கூட்டமா இருக்கு. திருத்துற ஏற்பாடும் பழுது. இப்படிப்பட்டவங்க கனபேர் நல்லா இருந்தாங்க. இந்த ஆள் மட்டும் ஏன் மவுத்தானாங்கன்னு ரெண்டு மாசமா மண்டையைப் போட்டு உடைக்கிறேன்."

நோயாளிகளின் விலாசத்துக்கு அவர் கடிதம் அனுப்பியிருந்தார். உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் என்றைக்கு இறந்தார். சோமாவதிக்கு ஹேவாஹெட்டப் பழைய வீட்டுக்குப் போன கடிதத்துக்கு, எப்படியோ கைமாறிப் பதில் வந்திருந்தது. இறந்துவிட்டார், கையெழுத்து குசுமா, அக்கா. இறந்த திகதி ஒப்பரேஷனுக்கு இரண்டு வருடம் முந்தி இருந்ததால், வருடத்தைத்தான் பிழையாக எழுதிவிட்டார்கள் என்று பதிகிறவர் தானே பெரிய மனதோடு ஒப்பரேஷனுக்கு அடுத்த வருடமாகத் திருத்திவிட்டார்.

"அந்த அக்கா வந்து, அன்னைக்குப் படுத்தது நீங்கதான்னு எழுதித் தந்தா போதும்," என்றார் ரிஃப்கா. "இல்லாட்டி உங்க புற்றுநோய் டொக்டர் ஒத்துக்கமாட்டார். செத்த ஆள்ட ரிப்போட்டை வச்சு உங்களுக்கு மருந்து குடுக்க ஏலாது."

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். குசுமா அக்கா "இறந்துவிட்டார்" என்று எழுதியபோது யாரை நினைத்து எழுதினார்? தங்கையையா, என்னையா? அதைக் கேட்கப் போக எனக்குக் கால் வரவில்லை. மூன்றாம் நாள் திகனப் பக்கம் முஸ்லிம் கடைகள் எரியத் தொடங்கின. ஊரடங்கு. ரிஃப்கா அக்குறணைக்குப் போக முடியாமல் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டார் என்று போனில் சொன்னார். அவருடைய சாச்சாவின் கடையும் போய்விட்டதாம். அதைச் சொல்லிவிட்டு உடனே, "அக்காவைக் கண்டீங்களா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று பகலே போய்க் குசுமா அக்காவின் கதவைத் தட்டினேன். ஒழுங்கையில் ஒரு நாய்கூட இல்லை.

கதவைத் திறந்தவர் என் தலையைப் பார்த்தார். முடி இல்லாத தலை. "திரும்பி வந்துட்டதா?" என்றார்.

"ஆமாக்கா." எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். கடைசியில் கேட்டும் விட்டேன். "நான் செத்துட்டேன்னு ஏன் எழுதுனீங்க?"

"உன்னைப் பத்தி யார் எழுதினது? சோமாவதியைக் கேட்டாங்க. சோமாவதி செத்துட்டா. உள்ளதை எழுதினேன்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அவ பேரை உனக்குக் குடுத்தது நான் செஞ்ச பிழை. சாவு எழுதிவச்ச பேர் அது. அந்தப் பேர்ல நீ பிழைச்சிட்ட. அவ உன் வாயால செருப்புக் கேட்டப்பவே எனக்குத் தெரியும், சாவுக் கணக்கு எழுதுறவங்க சும்மா விடமாட்டாங்கன்னு. உனக்குப் பதிலா என் பிள்ளையை எடுத்துட்டாங்க. அதான் உன்னைப் பார்க்க முடியாது. உன்னைப் பார்த்தா மாறிப்போன கணக்குதான் தெரியும்."

இத்தனை வருடமாக நான் நினைத்திருந்தது ஒன்று, அவர் சுமந்திருந்தது வேறொன்று. கோபப்பட எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. "அப்ப வரமாட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டார். நான் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். மறுநாள் பகல் சில மணிநேரம் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். வாசலில் த்ரீவீல் சத்தம். வெள்ளைச் சாரி உடுத்திக் குசுமா அக்கா பின் சீட்டில் இருந்தார். "ஏறு," என்றார். ஏறினேன். மாரிமுத்து டிரைவரோடு ஒட்டிக்கொண்டார், மடித்த குடையோடு.

ஆஸ்பத்திரி வராந்தாக்களில் ஆள் இல்லை. எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்கு முன்னால் போய்த் திரும்பி வந்தது. ரிஃப்கா எங்களைத் துண்டுகள் வைக்கும் அறைக்குக் கூட்டிப்போனார். சுவர் முழுக்க லாச்சிகள். ஒன்றை இழுத்தார். தீப்பெட்டியிலும் சின்னதாக மெழுகுக் கட்டிகள், வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் நம்பர். நடுவில் ஒரு நகம் அளவு சதை. குளிர்ந்த மெழுகு வாசம். இந்த அறையில் எத்தனை பேர் என்று கேட்டேன். எண்ணியதில்லை என்றார். இவர்களில் பெரும்பாலானோர் இப்போது இல்லை, துண்டு மட்டும் இருக்கிறது. பொடி மெனிக்கேயும் இதில் எங்கோ இருப்பாள் என்று தோன்றியதும் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

ரிஃப்கா நுணுக்குக்காட்டியில் கண்ணாடித் தகடு ஒன்றை வைத்துக் குசுமா அக்காவைப் பார்க்கச் சொன்னார். அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.

"நீலமா புள்ளி புள்ளியா தெரியுதா? அதெல்லாம் காவல் செல். பழுப்பா இருக்கிறதுதான் நான் தேடுற அடையாளம்."

"எவ்வளவு பேர்," என்றார் அக்கா. கண்ணை எடுக்கவில்லை. "இவங்கதான் இவளைக் காப்பாத்தினதா?"

"பெரிய டொக்டர் வெட்டினதும், இவங்களும்."

"இவங்க எங்கேயிருந்து வந்தாங்க?"

"வெளியிலயிருந்து யாரும் வரல்ல. பாக்கியம் ஆன்ட்டிட உடம்புலயே இருந்தவங்க."

அக்கா நிமிர்ந்தார். "டொக்டர், இவ பிழைக்கிறதுக்கு வேற யாராவது உயிர் குடுத்திருக்கணுமா?"

ரிஃப்காவுக்கு அந்த மகனின் கதை தெரியாது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து நிதானமாகப் பதில் சொன்னார். "இல்லம்மா. யாரும் குடுக்கல்ல. யாரும் எடுக்கவுமில்ல. ஒப்பரேஷன் அன்னைக்கே இவங்க எல்லாரும் இங்கதான் நின்னாங்க."

குசுமா அக்கா மறுபடி குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அவருடைய முதுகு குலுங்குவதைப் பார்த்து மாரிமுத்து வெளியே போய்விட்டார். நான் அவர் முதுகில் கையை வைத்தேன், தட்டிவிடவில்லை. பிறகு கதிரையில் உட்கார்ந்து, சிங்களத்தில், ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கொடுத்தார். அன்று படுத்திருந்தது பாக்கியம், அட்டை என் தங்கையுடையது, கொடுத்தது நான்.

அந்தக் கடிதத்தால் எனக்குப் புது மருந்து கிடைத்தது. அது எப்படிக் கிடைத்தது, யார் யார் ஓடினார்கள் என்று எழுதினால் இன்னொரு கொப்பி வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை சேலைனில் ஏற்றுகிறார்கள். தோல் அரிக்கிறது, தைரொயிட் கெட்டு அதற்கொரு குளிசை. பிரேக் எடுத்த காவல் செல் சில நேரம் சொந்த வீட்டையும் அடிக்குமாம். ஆறு தடவை முடிந்து படமெடுத்தபோது ஈரலில் இருந்தவை பாதிக்கு மேல் சுருங்கியிருந்தன. சுகமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஏற்றுகிற நாளில் மாரிமுத்து என் பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்து, வார்ட் முழுக்கக் கேட்கத் தமிழில் பேசுகிறார். சும்மா இருங்க என்றால் கேட்பதில்லை. ரொட்டி குசுமா அக்கா வீட்டிலிருந்து வருகிறது, கருகாமல்.

அந்தப் பகலில் கடைசியாக நடந்ததை இன்னும் சொல்லவில்லை.

கடிதத்தை வாங்கி வைத்த ரிஃப்கா தன் கொப்பியை விரித்தார். அந்த வரிக்கு வந்தார். நம்பர், பக்கத்தில் சோமாவதி, அதன் பக்கத்தில் ஆங்கிலத்தில் இறந்தார். பேனாவை எடுத்து அந்தப் பெயரை வெட்டப் போனார். குசுமா அக்கா உள்ளங்கையைக் கொப்பியின் மேல் வைத்துவிட்டார்.

"பேரை வெட்டாதீங்க மகள்."

"இது உங்க தங்கச்சி இல்லையேம்மா."

"தெரியும். பக்கத்துல இவ பேரையும் எழுதுங்க. அதை மட்டும் வெட்டாதீங்க. இருக்கட்டும்."

ரிஃப்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்தப் பெயரில் நான் பதினொரு நாள் படுத்திருக்கிறேன், ஒருத்திக்கு அந்தப் பெயரோடு பதில் சொல்லியிருக்கிறேன், எனக்கும் அதில் கொஞ்சம் உரிமை இருக்கிறது. ரிஃப்கா அந்தப் பெயரை விட்டுவிட்டு, பக்கத்தில் என் பெயரைச் சேர்த்து, இறந்தார் என்பதை மட்டும் ஒரு கோடு போட்டு வெட்டினார். மேலே ஏதோ எழுதினார்.

"என்ன எழுதினீங்க?" என்று அக்கா கேட்டார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

"உயிரோட இருக்காங்கன்னு."

"பேரோட சேர்த்து வாசிங்க."

"சோமாவதி, உயிரோட இருக்காங்க."

அக்கா கையைக் கொப்பியிலிருந்து எடுக்கவில்லை. "இன்னொரு தடவை," என்றார். ரிஃப்கா இன்னொரு தடவை வாசித்தார். ஊரடங்கு தொடங்க அரைமணிநேரம்தான் இருந்தது, கீழே த்ரீவீல்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான், நாங்கள் யாரும் எழும்பவில்லை.